பாரிசவாதத்துக்கு மூலக்கலச் சிகிச்சை: நம்பலாமா?

பாரிசவாதம் என்ற சொல் எமது பிரதேசத்தில் எவருக்கும் புதியதல்ல. வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கையும் காலும் விழுந்து, பேச்சுக் குழறிப் போன ஒருவரைத் தெரியாத குடும்பம் சாவகச்சேரியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்குமென்று நான் நினைக்கவில்லை. சிலர் இதைப் பக்கவாதம் என்பார்கள். வைத்தியசாலையில் ஸ்ரோக் என்பார்கள். இப்போது இதனோடு சேர்ந்து இன்னொரு சொல்லும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அது ஸ்டெம் செல், தமிழில் மூலக்கலம். கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர், இறந்துபோன மூளைக் கலங்களுக்குப் பதிலாகப் புதிய கலங்களை உண்டாக்குகிறோம் என்கிறார். அடுத்த காட்சியில் சக்கர நாற்காலியில் இருந்தவர் எழுந்து நடக்கிறார்.

எங்கள் உறவுக்குள் ஒரு மாமாவுக்குச் சென்ற வருடம் பாரிசவாதம் வந்தது. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் வலது கை இன்னும் சரிவர இயங்கவில்லை. மாமி அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இந்தியாவிலுள்ள ஒரு கிளினிக்குக்கு மாமாவின் ரிப்போட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. மூன்று முறை ஊசி, செலவு பல இலட்சம். காணியில் ஒரு துண்டை விற்கலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டது. மாமி என்னைக் கூப்பிட்டு, “நீ பயோ படிக்கிறாய்தானே மகள், இது மெய்யோ பொய்யோ எண்டு பாத்துச் சொல்லு” என்றார்.

உயர்தர உயிரியல் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. ஆசிரியையிடம் கேட்டும், வெளியான ஆய்வறிக்கைகளை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தும் அறிந்ததை மாமிக்குச் சொன்னேன். எமது சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளின் வீடுகளிலும் இதே கேள்வி இருக்கக்கூடும் என்பதால் அதையே இங்கு எழுதுகிறேன். மூலக்கலத்துக்குப் போகுமுன் நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்பு, பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாரிசவாதத்தின் பின் மூளையில் நடப்பதில் பாதி அந்தக் கதைதான்.

மூளை எமது உடல் நிறையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடல் பயன்படுத்தும் ஓட்சிசனில் ஐந்திலொரு பங்கு அதற்குப் போகிறது. சேமித்து வைத்துச் செலவழிக்கும் வசதியும் அதற்கில்லை. ஆகவே மூளைக்குப் போகும் ஒரு குருதிக்குழாய் கட்டியால் அடைபட்டாலோ, வெடித்துக் கசிந்தாலோ, அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி உடனேயே பட்டினி கிடக்கிறது. அடைப்பினால் வருவதே அதிகம் என்பதால் இக்கட்டுரை அதைப் பற்றியது. பெரிய குழாயொன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சராசரியாக 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று ஜெப்ரி சேவர் என்ற அமெரிக்க வைத்தியர் 2006 இல் கணக்கிட்டுக் காட்டினார். நடுப்பகுதி விரைவில் இறந்துவிடும். அதைச் சுற்றியுள்ள ஓரப்பகுதி செயலிழந்து கிடந்தாலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். வைத்தியர்கள் காப்பாற்றப் பார்ப்பது அந்த ஓரப்பகுதியைத்தான்.

நிர்ப்பீடனம் என்றால் கிருமிகளோடு சண்டையிடும் படை என்றுதான் நாம் சாதாரண தரத்தில் படித்தோம். பாரிசவாதத்தில் கிருமி எதுவும் இல்லை. அப்படியிருந்தும் படை புறப்படுகிறது. காரணம் இதுதான்: கலமொன்று உடைந்து இறக்கும்போது, வழமையாக அதன் உள்ளே மட்டும் இருக்கவேண்டிய பொருட்கள் வெளியே சிந்துகின்றன. கிருமி வந்தாலும் கலம் உடைந்தாலும் உடலுக்கு அது ஆபத்து மணிதான்.

முதலில் விழிப்பது மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற கலங்கள். அவை மூளையின் காவற்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் ஆகும். அவை இரசாயனச் செய்திகளை வெளியிட, குருதிக்குழாயின் உட்சுவரில் பசை போன்ற புரதங்கள் முளைக்கின்றன. குருதியில் ஓடிக்கொண்டிருக்கும் வெண்குழியங்கள் அந்தப் பசையில் ஒட்டி, சுவரைத் துளைத்து மூளைக்குள் நுழைகின்றன. நியூத்திரோபில் என்ற வகை சில மணி நேரத்துக்குள் வந்து, முதல் மூன்று நாட்களில் உச்சத்தை அடைகிறது. கிருமியைக் கரைப்பதற்காக அது வைத்திருக்கும் நொதியங்கள் இங்கே கிருமி இல்லாமல் சுற்றியுள்ள இழையத்தைத் தாக்குகின்றன. மூளைக்கும் குருதிக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவர் பழுதாகிறது, நீர் கசிந்து மூளை வீங்குகிறது. இதனால்தான் சில நோயாளர்கள் வைத்தியசாலைக்கு வந்தபோது இருந்ததைவிட இரண்டாம், மூன்றாம் நாட்களில் மோசமாகிறார்கள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் கூடினது” என்று வீட்டார் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது பெரும்பாலும் எவருடைய கவலையீனமும் அல்ல.

இதை வாசிக்கும்போது, அந்த வெண்குழியங்களைத் தடுத்துவிட்டால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 1990களில் விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. அந்தப் பசைப் புரதத்தை மூடிவிடும் ஒரு பிறபொருளெதிரியைத் தயாரித்தார்கள். என்லிமோமாப் என்பது அதன் பெயர். விலங்குகளில் நல்ல பலன் தந்தது. பின்னர் 625 நோயாளரில் பரிசோதித்தார்கள். 2001 இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. இறந்தவர்களும் கூட. அந்த மருந்து எலியின் புரதத்திலிருந்து ஆனது என்பதால் மனித உடல் அதையே எதிரியாக எடுத்துக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னர் விளக்கினார்கள்.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. கண்டி வீதியில் ஒரு விபத்து நடந்தால் சனம் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடுகிறவர்களில் சிலர் வழியை மறித்து நிற்பார்கள், சிலர்தான் காயப்பட்டவரைத் தூக்குவார்கள். எல்லோரையும் துரத்தினால் தூக்குவதற்கும் ஆளில்லை. மூளையிலும் அப்படியே. மூன்று நாட்களுக்குப் பின் வரும் பெருவிழுங்கிகள் இறந்த கலங்களை அகற்றாவிட்டால் காயம் ஆறாது. அதன் பிறகு வரும் ஒரு வகை ரீ நிணநீர்க்குழியங்கள் சண்டையைத் தணித்துப் பழுதுபார்ப்பைத் தொடக்கிவைக்கின்றன. முதல் நாள் தீங்கு செய்யும் அதே தொகுதி பத்தாம் நாள் உதவி செய்கிறது. எந்த நாளில் எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதே இத்துறையில் இன்றுவரை தீராத கேள்வி.

மூளையில் இவ்வளவு நடக்கும்போது உடலின் மற்றப் பகுதிகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. வயிற்றின் இடது பக்கத்தில் விலா என்புகளுக்குக் கீழே மண்ணீரல் இருக்கிறது. அது வெண்குழியங்களின் பெரிய களஞ்சியம். பாரிசவாதம் வந்த எலிகளில் அது சுருங்கி, உள்ளிருந்த குழியங்களைக் குருதிக்குள் தள்ளிவிடுகிறது. மனிதரிலும் ஒரு பகுதியினரில் மண்ணீரல் சுருங்கிப் பின் பழைய அளவுக்குத் திரும்புவதை ஸ்கான் மூலம் கண்டிருக்கிறார்கள். அதோடு மூளையின் அதிர்ச்சியால் பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டு, அதிரீனலின் போன்ற ஓமோன்கள் பெருகி, நிணநீர்க்குழியங்களின் எண்ணிக்கை விழுந்துவிடுகிறது. மூளையில் கலவரம், ஊரெங்கும் காவல் இல்லை என்ற நிலை. அந்த நேரத்தில் நுரையீரலுக்குள் ஒரு கிருமி போனால் தடுக்க ஆளில்லை.

இதனால் வருவதுதான் நியூமோனியா. பாரிசவாதம் வந்தவர்கள் முதற் கிழமைகளில் இறப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் வீட்டாருக்கும் பங்கிருக்கிறது.

பாரிசவாதத்தில் கையும் காலும் மட்டும் விழுவதில்லை. விழுங்கும் தசைகளும் பலவீனமாகின்றன. வெளியே பார்த்தால் தெரியாது. நாங்கள் வைத்தியசாலைக்குப் போகும்போது கஞ்சியோ தேத்தண்ணியோ கொண்டுபோகாமல் போகமாட்டோம். ஸம்ஸம் தண்ணீர் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுபோய் ஒரு மிடறாவது பருக்கப் பார்ப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் விழுங்க முடியாதவருக்குப் பருக்கினால் அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். அதோடு வாயிலுள்ள கிருமிகளும் போகும். அதனால்தான் பயிற்சி பெற்ற தாதியரோ வைத்தியரோ முதலில் தேக்கரண்டியால் மிகச் சிறிதளவு தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை முடியும்வரை எதையும் வாயில் ஊற்றக்கூடாது. “ரெண்டு நாளா ஒண்டும் குடுக்கேல்ல, பட்டினி போட்டிருக்கினம்” என்று தாதியோடு சண்டை பிடிக்குமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நியூமோனியா வராமலிருக்க எல்லோருக்கும் முன்கூட்டியே கிருமிகொல்லி மருந்து கொடுத்தால் என்ன என்றும் ஆராய்ந்தார்கள். நெதர்லாந்தில் 2,500 பேருக்கு மேற்பட்டோரில் செய்த ஆய்வின் முடிவு 2015 இல் வந்தது. நோயாளரின் நிலை அதனால் முன்னேறவில்லை. மாறாக அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பாரிசவாதப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2011 இல் வெளியானது. அதில் புதிய மருந்து எதுவுமில்லை. மூன்று விடயங்களை ஒழுங்காகச் செய்யத் தாதியருக்குப் பயிற்சியளித்தார்கள். காய்ச்சலைக் கவனித்துக் குறைத்தல், குருதியில் சீனியைக் கட்டுப்படுத்தல், விழுங்கும் சோதனை செய்தல். மூன்று மாதத்தின் பின் இறந்தோ பிறர் உதவியில் தங்கியோ இருந்தவர்கள், அந்தப் பயிற்சி இல்லாத பிரிவுகளில் 58 வீதம், பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 வீதம். இந்த இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கல ஆய்வுகளின் எண்களோடு ஒப்பிடப் போகிறோம்.

இனி மூலக்கலத்துக்கு வருவோம். எமது உடலில் பெரும்பாலான கலங்களுக்குத் தொழில் நிச்சயிக்கப்பட்டுவிட்டது. தோற்கலம் தோற்கலம்தான், நரம்புக்கலம் நரம்புக்கலம்தான். மூலக்கலம் அப்படியல்ல. அது தன்னைப்போல இன்னொன்றையும் உண்டாக்கும், வேறு வகைக் கலமாகவும் மாறும். என்புமச்சையிலுள்ள மூலக்கலங்கள் நாளாந்தம் புதிய குருதிக் குழியங்களை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. குருதிப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு என்புமச்சை மாற்றுச் சிகிச்சை பல பத்து வருடங்களாக நடக்கிறது. அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. விளம்பரக்காரர்கள் இந்த உண்மையின் நிழலில்தான் நிற்கிறார்கள். குருதிக்குப் பலன் தருகிறதே, மூளைக்கு ஏன் தராது என்று கேட்கிறார்கள்.

குருதிக் குழியங்கள் தனித்தனியாக ஓடுபவை. குறைந்தால் புதிதாக ஊற்றிவிடலாம். நரம்புக்கலம் அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்றக் கலங்களோடு இணைந்திருக்கிறது. மாமாவின் வலது கையை அசைக்கும் ஒரு நரம்புக்கலம் மூளையின் மேற்பகுதியில் இருந்து கழுத்து முள்ளந்தண்டு வரை நீண்ட ஒரு நாரை அனுப்பியிருக்கிறது. அவர் பிறக்குமுன்னரே வளரத் தொடங்கிய இணைப்பு அது. கையில் குத்தும் ஓர் ஊசியால் அந்த இடத்தில் இன்னொன்றை நட்டுவிட முடியும் என்பதை நம்புவது கடினம். விலங்கு ஆய்வுகளும் அதையே காட்டின. நாளத்தின் வழியே ஏற்றப்படும் மூலக்கலங்களில் மிகப் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிவிடுகின்றன. மூளையைச் சென்றடைபவை மிகச் சில. அவையும் நீண்ட காலம் நிலைப்பதில்லை.

அப்படியானால் எலிகளில் எப்படிப் பலன் தெரிந்தது? இதுதான் நான் வாசித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூலக்கலங்கள் மூளைக்குள் புகுந்து நரம்பாக மாறியதனால் அல்ல, நிர்ப்பீடனப் படையின் நடத்தையை மாற்றியதனால். அவை சில புரதங்களைச் சுரக்கின்றன. அச்செய்தி மண்ணீரலுக்குப் போகிறது. மண்ணீரல் சுருங்குவது குறைகிறது, சண்டையைத் தூண்டும் குழியங்கள் குறைந்து தணிக்கும் குழியங்கள் கூடுகின்றன. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? மண்ணீரலை அகற்றிய எலிகளுக்கு அதே கலங்களைக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, மூளைக்கான மருந்து என்று சொல்லப்படுவது வயிற்றுப் பக்கமிருந்து வேலை செய்கிறது. “இறந்த கலங்களுக்குப் பதிலாகப் புதிய கலங்கள்” என்ற விளம்பர வாசகம் ஆய்வாளர்கள் சொல்வதே அல்ல.

எலியில் பலன் தருவது மனிதரில் தருமா என்று அறிய ஒரு வழிதான் உண்டு. நோயாளரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து, யார் எந்தக் குழு என்று தெரியாத ஒருவரைக் கொண்டு மதிப்பிடுவது. எமக்கு அண்மையில் அப்படியான ஆய்வொன்று இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைமையில் ஐந்து வைத்தியசாலைகளில் 120 பாரிசவாத நோயாளர் சேர்க்கப்பட்டனர். பேராசிரியர் காமேஷ்வர் பிரசாத் குழுவினர் 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவினரின் சொந்த என்புமச்சையிலிருந்து கலங்களைப் பிரித்தெடுத்து நாளத்தின் வழியே ஏற்றினார்கள். ஒருவருக்குச் சராசரியாக 28 கோடி கலங்கள். நோய் வந்து ஏறத்தாழ பதினெட்டு நாட்களின் பின்.

ஆறு மாதத்தின் பின் பார்தெல் சுட்டெண் என்ற அளவால் அளந்தார்கள். தானே சாப்பிடுதல், உடுத்தல், மலசலகூடம் போதல், நடத்தல், படியேறுதல் போன்ற பத்து அன்றாட வேலைகளுக்கு நூற்றுக்குப் புள்ளியிடும் முறை அது. கலங்கள் பெற்றவர்களின் சராசரி 63.1. பெறாதவர்களின் சராசரி 63.6. வித்தியாசம் இல்லை. சிகிச்சையால் பெரிய தீங்கும் காணப்படவில்லை, பலனும் காணப்படவில்லை.

இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊசி போடப்படாதவர்களும் நூற்றுக்கு 63 எடுத்திருக்கிறார்கள். பாரிசவாதத்தின் பின் முதல் மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு திருத்திக்கொள்கிறது. வீக்கம் வடிகிறது, செயலிழந்து கிடந்த ஓரப்பகுதி விழிக்கிறது, பழுதாகாத பகுதிகள் புதிய வேலையைக் கற்றுக்கொள்கின்றன. அந்த மாதங்களில் எந்த ஊசியைப் போட்டாலும், எந்த எண்ணெயைப் பூசினாலும், அதனால்தான் சுகமானது என்று தோன்றும். விளம்பரத்தில் எழுந்து நடக்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே நடக்கிறார். ஊசி போடாவிட்டாலும் நடந்திருப்பாரா என்பதை அந்தக் காணொளி சொல்லாது, அவருக்கே அது தெரியாது.

பதினெட்டு நாள் பிந்திவிட்டது, படை ஏற்கெனவே கலைந்திருக்கும், முந்திக் கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். அதையும் பார்த்தார்கள். மல்ரிஸ்ரெம் என்ற கலங்களை நோய் வந்து 24 முதல் 48 மணி நேரத்துள் கொடுத்த ஆய்வின் முடிவு 2017 இல் வந்தது. மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் 36 மணி நேரத்துக்கு முன் பெற்றவர்களைத் தனியே பார்த்தபோது கொஞ்சம் நன்மை இருப்பதுபோல் தெரிந்தது. உடனே ஜப்பானில் 18 முதல் 36 மணி நேரத்துள் கொடுத்து இன்னொரு ஆய்வு செய்தார்கள். 206 பேர், பாதிப் பேருக்கு 120 கோடி கலங்கள் வீதம். 2024 இல் வெளியான முடிவில், 90 நாட்களின் பின் மிக நல்ல நிலையை அடைந்தவர்கள் கலங்கள் பெற்ற குழுவில் 11.5 வீதம், பெறாத குழுவில் 9.8 வீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் அது. இதோடு 42 வீதம், 58 வீதம் என்ற தாதியரின் எண்களை வைத்துப் பாருங்கள். அளவுகோல்கள் வேறு என்பது உண்மை, ஆனாலும் எது தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இதனால் மூலக்கல ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. நிர்ப்பீடனக் குழியங்களை நாளறிந்து வழிநடத்த முடிந்தால் பாரிசவாதத்தின் பின்னான சேதம் குறையும் என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. நம்மில் ஒருத்தி பல்கலைக்கழகம் போய் அதைச் செய்யக்கூடும். நான் சொல்வது, அது இன்னும் ஆய்வுகூடத்தில் இருக்கும் கேள்வி, கடையில் விற்கும் பொருளல்ல என்பதைத்தான்.

“பலன் இல்லாட்டிப் பரவாயில்ல, கெடுதல் இல்லத்தானே” என்று மாமி கேட்டார். மேற்சொன்ன ஆய்வுகள் கடுமையான கண்காணிப்பில் நடந்தவை. விற்பனைக் கிளினிக்குகளில் ஏற்றப்படுவது என்ன கலம், யாருடையது, எப்படி வளர்க்கப்பட்டது என்பதற்கு அந்தக் கண்காணிப்பு இல்லை. 2016 இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் ஒரு சம்பவம் வெளியானது. பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட 66 வயதான ஒருவர் சீனா, ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளிலுள்ள கிளினிக்குகளுக்குப் போய் முள்ளந்தண்டுப் பகுதியில் மூலக்கல ஊசிகள் ஏற்றிக்கொண்டார். பின்னர் அவரது முள்ளந்தண்டில் ஒரு கட்டி வளர்ந்தது. அதிலிருந்து எடுத்த கலங்களின் மரபணுவைச் சோதித்தபோது அவை அவருடையவையே அல்ல, வேறொருவருடையவை. அவரது கால்களையும் அந்தக் கட்டி பாதித்தது.

அப்படியானால் மாமாவின் கைக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதற்கு விளம்பரம் இல்லை. அமெரிக்காவில் 222 பேரில் நடந்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்களின் நல்ல கைக்கு ஓர் உறையைப் போட்டுக் கட்டி, பழுதான கையை மட்டுமே பாவிக்கச் செய்து இரண்டு கிழமை தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். வழமையான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அவர்களின் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடத்தின் பின்னும் அந்த முன்னேற்றம் இருந்தது. விரல்களிலும் மணிக்கட்டிலும் ஓரளவாவது அசைவு மிஞ்சியிருப்பவர்களுக்கே இது பொருந்தும். இயன்மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அலுப்பான வேலை. மாமா பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றக் கிண்ணத்துக்கு மாற்றும்போது பக்கத்தில் ஓராள் இருந்து பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை அவருடைய பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் பாரிசவாதம் வராத வீடுகளுக்குச் சொல்லவேண்டியது நேரம் பற்றியது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்பது பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. முந்தக் கொடுத்தால் பலனும் கூட. ஆனால் அடைப்பா கசிவா என்று ஸ்கான் பார்த்த பிறகே அதைக் கொடுக்க முடியும். அதனால் ஸ்கான் பார்க்குமுன் வீட்டிலிருக்கும் அஸ்பிரினைக் கொடுப்பதும் கூடாது. முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 1990 என்பது ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட வருடம். அதனாலோ என்னவோ, என் உம்மம்மாவுக்கு இந்த நம்பர் ஒருதரம் சொன்னதோடு மனதில் நின்றுவிட்டது. சாவகச்சேரியிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலை பதினைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நேரம் போவது பெரும்பாலும் வீதியில் அல்ல, “கொஞ்சம் படுத்து எழும்பினால் சரியாகும்” என்று வீட்டில் காத்திருப்பதில்.

மாமியின் காணி இன்னும் விற்கப்படவில்லை. அந்தப் பேச்சும் இன்னும் முழுதாக முடியவில்லை. கிளினிக்குக்கு அனுப்புவதற்கு நான் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, குருதி தொடர்பான நோய்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மூலக்கல மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஏனைய எல்லா மூலக்கலப் பாவனையும் ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் அதற்காகப் பணம் வாங்கக்கூடாது. ஆகவே முதற் கேள்வி, இது ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் இலக்கம் என்ன? இரண்டாவது, ஆய்வென்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? முதல் தடவை ஒரு நாளில் பதில் அனுப்பியவர்கள் இதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

அந்தப் பதிவேடு 2007 இல் தொடங்கப்பட்டது. எமது நாட்டிலும் இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் இப்படியொரு பதிவேட்டை நடத்துகிறது. இரண்டையும் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நோயின் பெயரை இட்டுத் தேடினால் எந்த வைத்தியசாலையில் என்ன ஆய்வு, யார் பொறுப்பு, ஆட்களைச் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் வரும். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வாசிக்கக் கஷ்டப்படும் உம்மாமார் வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.